புன்னைக்காயல் முகாமும் ஒரு வேன் நிறையப் பெண்களும்

கிராமச் சுகாதாரச் செவிலியர் வேலையில் பாதி, நன்றாக இருக்கிறவர்களிடம் போய் "பரிசோதனைக்கு வாங்க" என்று கெஞ்சுவதுதான். என்னோடு வெயிலில் அலைந்த தோழியருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓய்வு பெற்று தூத்துக்குடி மில்லர்புரத்தில் உட்கார்ந்த பிறகு, அந்தக் கெஞ்சல்கூட இனிக்கிறது.

மைக்கில் சொன்னது

புன்னைக்காயலில் முதல் முகாம். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை" என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னோம். மேசை, விளக்கு, திரை எல்லாம் தயார். மதியம் வரை ஒருத்தியும் வரவில்லை. மீன் விற்கும் பிலோமி அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"நீங்க நோயாளியளையில்லா கூப்பிட்டிய, சிஸ்டர்! வந்தா, அந்த நோய் இருக்குன்னு ஊரே பேசும்."

ஒரு நிமிடம்

அடுத்த முறை மைக் இல்லை. மீன் விற்று முடித்து அவர்கள் ஓய்ந்திருக்கும் பிற்பகலில் வீடுவீடாகப் போனேன். முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும்தான் இந்தப் பரிசோதனை, நோய் வரும் முன்பே கண்டுபிடிக்கத்தான் என்று சொன்னேன். வினிகர் போன்ற ஒரு மருந்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். வலி இல்லை. முதலில் வந்து படுத்தவள் பிலோமி அக்காதான். வாசனை பிடித்ததும் திரைக்கு வெளியே கேட்கும்படி கத்தினாள்.

"மீன் ஊறுகாய்க்கு ஊத்துறதையா எனக்கு ஊத்துதிய? பாட்டில்ல போட்டு அடைச்சிராதிய, சிஸ்டர்!"

அமலி

அந்தச் சிரிப்பில் கூச்சம் விட்டு உள்ளே வந்தவர்களில் அமலியும் ஒருத்தி. அவளுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் ஆகலாம். தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மறுபடி பார்த்து அந்த இடத்தைக் கருவியால் சுட்டு நீக்கிவிட்டால், அன்றைக்கே வீடு திரும்பலாம். மகளின் நிச்சயதார்த்தம் முடியட்டும் என்று அவள் மறுத்துவிட்டாள். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நிச்சயம், கல்யாணம், பேறுகாலம் என்று தள்ளித்தள்ளியே காலம் கடத்தியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"மக நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் கெடக்கு. நான் ஆஸ்பத்திரி வேன்ல ஏறுனா, வீடு திரும்பமுந்தி மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிரும், சிஸ்டர்."

வேன் வந்த நாள்

பெயரைச் சொல்லாமல் பிலோமி அக்காவிடம் பேசினேன்: "ஒருத்தி தனியா ஏறப் பயப்படுதா." யார் என்று அவளும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை வேனடியில் பதினோரு பேர் நின்றார்கள். ஒருத்திக்கு பிரஷராம், ஒருத்திக்குத் தலைசுற்றலாம், பிலோமி அக்காவுக்கு முட்டுவலியாம். நடுவில் அமலி. "இதுல யாரு நோயாளி?" என்று டிரைவர் கேட்க, பிலோமி அக்கா அதட்டினாள்.

"எல்லாரும்தாம்லே. வண்டியை எடு."

மறு வருடம்

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுபரிசோதனையில் அமலிக்குத் திட்டு இல்லை. வெளியே வந்தவள், வாசலில் தயங்கி நின்ற பெண்களைப் பார்த்து, "ஏளா, போன வருசம் எனக்குத்தான் இருந்துச்சு. செத்தா போயிட்டேன்? உள்ள போங்க" என்றாள். பிலோமி அக்கா வாயில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, நீதானா அது? அன்னைக்கு இல்லாத முட்டுவலிக்கு நாலு மாத்திரை முழுங்குனேனே!"

ஒரு வலியும் இல்லாத ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பத்துப் பேருக்கு வலி வரவைப்பது எப்படி என்று எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் கடைசிவரை போடவே இல்லை.