விளக்கு எரியாத வரிசை

1. இரண்டு தலைவலிகள்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் சூப்பர்வைசர். அப்போதெல்லாம் நீங்களே நம்பர் சுற்றிப் பேச முடியாது. வீட்டில் ரிசீவரை எடுத்தால் எங்கள் போர்டில் உங்கள் நம்பருக்கு ஒரு சின்ன விளக்கு எரியும். ஆபரேட்டர் கார்டு என்கிற ஒயரைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு இணைப்புக் கொடுப்பாள்.

எனக்குத் தலைவலி இரண்டு. ஒன்று, ஆபரேட்டர் ஜரினா. இணைப்பைக் கொடுத்தோமா விட்டோமா என்று இருக்க மாட்டாள். மருந்துக் கடைக்காரர் மகளுக்கு எத்தனையாவது மாசம் என்பது வரைக்கும் விசாரிப்பாள். கண்டித்துக் கண்டித்து என் வாய்தான் வலித்தது.

இன்னொன்று, என் மகள் செல்வி. ஒன்பது வயது. வீட்டுக்காரருக்கு வேலூரில் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவார். நான் டியூட்டியில் இருக்கும்போது அவள் எங்கள் வீட்டுக்குக் கீழே, திருவூடல் தெரு அரிசி மண்டியில் இருப்பாள். அந்த மண்டி போனை எடுத்து, எப்ப வருவே, பென்சில் ஒடஞ்சிடுச்சு, பூனை பாலைக் குடிச்சிடுச்சு என்று உயிரை எடுப்பாள். ஆபரேட்டர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் கட்டிக் காத்த மரியாதை அதோடு போச்சு.

2. தீபத்தன்று

கார்த்திகை தீபத்துக்கு எங்களுக்கு லீவு கிடையாது. ஊரே கூட்டத்தில் பிதுங்கும் நாள். காலையில் செல்வியை மண்டி முதலாளியம்மாவிடம் விட்டுவிட்டு, "இன்னிக்கு மட்டும் போன் பண்ணினே, தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம்வரை மண்டி விளக்கு எரியவில்லை. அப்பாடா, ஒருநாளாவது நிம்மதி என்றுதான் நினைத்தேன். மூன்று மணி வாக்கில் சந்தேகம் தட்டியது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிறவியா அவள்? போர்டைப் பார்த்தேன். மண்டி மட்டுமில்லை, திருவூடல் தெரு நம்பர்கள் இருக்கிற அந்த வரிசையே இருட்டாக இருந்தது. தீபத்தன்று ஒரு தெருவே போன் பேசாமல் இருக்குமா? எங்கள் தொழிலில் போர்டு அமைதியாக இருந்தால் நிம்மதி இல்லை. கேபிள் போச்சு என்று அர்த்தம்.

லைன்மேன் ஏழுமலையை அங்கே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்துத் தெரு ஓட்டலிலிருந்து கூப்பிட்டார். பந்தல் கால் நடக் குழி தோண்டியபோது கேபிளை வெட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், பாப்பா மண்டில இல்லீங்க. அம்மாகிட்ட போறேன்னு யார்கிட்டயோ சொல்லிட்டுக் கிளம்பிடுச்சாம். ரொம்ப நேரமாச்சாம்."

வெளியே ஜனம் கட்டுக்கடங்காமல் நெரிந்துகொண்டிருந்தது. பெரியவர்களே கீழே விழுந்தால் எழுந்திருக்க முடியாது. தேடி ஓடலாமென்றால் எந்தப் பக்கம் ஓடுவது? அவள் இங்கே வந்து, நான் இல்லாவிட்டால்? ஏழுமலை தேடிப் போனார். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

ஏழுமலை சொன்னதை ஜரினாவும் லைனில் கேட்டிருந்தாள். கார்டை எடுத்தாள். மண்டியிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு வரும் வழியில் போன் வைத்திருந்த கடை ஒவ்வொன்றையும் கூப்பிட்டாள். அண்ணே, பாய், மாமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு உறவுமுறை.

"எங்க மேடம் பொண்ணுண்ணே. பச்சைப் பாவாடை. கொஞ்சம் வாசல்ல நின்னு பாருங்கண்ணே."

வியாபாரம் தலைக்கு மேல் போகிற நாள். நான் கூப்பிட்டிருந்தால் சரிங்க மேடம் என்று வைத்திருப்பார்கள். ஜரினாவுக்காகக் கல்லாவை விட்டு இறங்கி வந்து நின்றார்கள்.

வெளியே அரோகரா என்று ஊரே அதிர்ந்தது. மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற நேரத்தில், காலடியில் ஒரு குழந்தை நின்றால் யார் கண்ணில் படும்? எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அப்போது தேரடித் தெரு மருந்துக் கடை விளக்கு எரிந்தது. ஜரினா ஒரு வார்த்தை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டை என் தலையில் மாட்டினாள்.

"அம்மா" என்றாள் செல்வி. செருப்பு ரெண்டும் போச்சு என்று அழுதாள். நானும் அழுதேன். ஏண்டி இந்தக் கூட்டத்தில் கிளம்பினே என்று கேட்டேன்.

"காலைலேர்ந்து எடுத்து எடுத்துப் பாக்கறேன், சத்தமே வரலை. நீதான் கோவத்துல என் ஒயரப் புடுங்கிட்டேன்னு நெனச்சேம்மா. இனிமே பண்ண மாட்டேன்னு சொல்ல வந்தேன்."

3. அதற்கப்புறம்

கூட்டத்தைப் பார்த்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். என் குழந்தை என்னை நினைத்து நடுங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இறங்கியிருக்கிறாள். அந்தப் பயம் எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் போன் பண்ணினாள். எரிச்சல் வராமல் இல்லை, வந்தது. ஆனால் கூப்பிடுகிறாளே, இருக்கிற இடம் தெரிகிறதே என்று எடுத்துப் பேசினேன். ஆபரேட்டர்கள் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஜரினாவின் அரட்டையை அதிகம் கண்டிக்கவில்லை.

இப்போது பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ஆபீசில் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். நச்சரிக்கிறவர்கள் நச்சரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எந்தத் தெருவில் இறங்கி நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.