சித்தப்பாவின் மரபணுவும் சித்தியின் தேங்காயும்

ஒரு மரபணு ஆராய்ச்சியில் எனக்குக் கள வேலை. இளவயதிலேயே மாரடைப்பு வருகிற குடும்பங்களைத் தேடிப் போய், வம்ச வரைபடம் வரைந்து, ரத்தம் எடுத்து வரவேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு. எட்டு மாதம் ஊர் ஊராக அலைந்த பிறகுதான் என் குடும்பத்தையே வரைந்து பார்க்கத் தோன்றியது.

கொட்டாரம் என்ற ஊரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாற்பத்தேழு வயதில் பைபாஸ் செய்துகொண்டவர். அதற்குக் காரணம் சித்தியின் சமையல்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினாறு வருடமாக அந்த வீட்டில் தேங்காய் வறுத்தரைத்த தீயலும் அவியலும் கிடையாது. டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை இரண்டே மாதத்தில் நிறுத்தினார். சித்தியைத் திருத்தியாகிவிட்டது, மாத்திரை எதற்கு?

"நம்ம குடும்பத்துல சீக்குன்னு ஒண்ணும் கிடையாது மக்கா. அதை முதல்ல எழுது," என்றார்.

"தாத்தா எப்படிச் செத்தாரு சித்தப்பா?"

"அது சீக்கில்ல. குளத்துக்குக் குளிக்கப் போனாரு, படியில இருந்தாரு, எந்திரிக்கல்ல."

"தாத்தாவுக்க அண்ணன்?"

"வரப்புத் தகராறுல பேசிட்டு நிக்கும்போ நெஞ்சைப் பிடிச்சாரு. எதிராளி செய்வினை வச்சிட்டான்."

"எங்க அப்பா?"

"அண்ணன் புதுவீடு கட்டினாருல்லா? கண்ணு பட்டுது."

மூவரில் ஒருவரும் ஐம்பதைத் தாண்டவில்லை. மூன்று கட்டங்களையும் கறுப்பாக்கினேன். சித்தப்பாவின் குதிகாலுக்கு மேலே ஒரு சிறிய கட்டி தெரிந்தது. கொழுப்பு சேர்ந்தால் அப்படி வரும். அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. கேட்டதற்கு, "செருப்புக் கடிச்சது," என்றார்.

கடைசியில் அவரே சொன்னார்: "உனக்க சித்திக்க ரத்தத்தையும் எடு. எங்கேருந்து வந்துதுன்னு தெரியட்டு."

சித்தி அதற்கு முன்பே கையை நீட்டியிருந்தாள்.

முடிவுகள் வந்ததும் எங்களைக் கூப்பிட்டு டாக்டர் விளக்கினார். சித்தியின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சித்தப்பாவுக்கு, ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பிறவியிலேயே வந்தது. தேங்காயைப் பார்க்காமலே வாழ்ந்திருந்தாலும் இருந்திருக்கும். மாத்திரையை விடவே கூடாது.

"ஒத்த எழுத்துக்கா இவ்வளவு பாடு?" என்றார் சித்தப்பா.

வாழை என்பதை வாளை என்று எழுதிய பிள்ளைகளை ஐம்பது தடவை எழுத வைத்தவர் அவர். சித்தி டாக்டரைப் பார்த்து, "இவாளையும் அம்பது தடவ எழுதச் சொல்லலாமா?" என்று கேட்டாள். சித்தி சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

அன்று சாயங்காலமே அந்த வீட்டில் தேங்காய் வறுக்கிற மணம் எழுந்தது.

அவர்களோடு சேர்த்து அனுப்பிய என் ரத்தத்திலும் அதே எழுத்துதான் மாறியிருந்தது. எத்தனையோ வீடுகளில் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சரளமாகச் சொன்னவள், என் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்படியும் நம்பாமல் இன்னொரு முறை பரிசோதிக்கச் சொல்லி டாக்டரை நச்சரித்தேன். அதிலும் அதேதான்.

சித்தப்பாவின் மகள் பஹ்ரைனில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் தனக்கும் எட்டு வயது மகளுக்கும் பரிசோதனை செய்துகொண்டாள். தாய்க்கு இருந்தது, மகளுக்கு இல்லை. போனில் என்னிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

செய்தி கேட்டு சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா மக்கா, நம்ம ரத்தத்துக்க வீரியத்தை! பேத்திக்கு ஒண்ணும் அண்டல்ல."

சித்தி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்குகிறவரை பக்கத்திலேயே நின்றாள்.