சர்க்கரைத் தண்ணீர் தெளித்த கவுன்

எறும்புகள்தான் காட்டிக் கொடுத்தன. காலையில் கடையைத் திறந்தபோது, ஜன்னல் ஓரத்திலிருந்து சாரிசாரியாக இறங்கி மேசைமேல் இருந்த துணிப்பைக்குள் போய்க்கொண்டிருந்தன. பைக்குள் இருந்தது, முந்தின நாள் மாலை திரும்பி வந்த கல்யாணக் கவுன்.

கல்யாண உடைகளை வாடகைக்கு விடுவது அவள் தொழில். ஆணிக்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. சுவரோரம் முழுக்கக் கம்பியில் தொங்கும் கவுன்களும் கோட்டுகளும், வாசலுக்கு எதிரே ஓர் ஆளுயரக் கண்ணாடி. தெருவில் அவளை 'வாடகை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். முன்கோபக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். யாராவது அதைச் சொல்லிக் காட்டினால், கோபப்படும்படி நடந்துகொள்ளாமல் இருந்தால் தானும் சும்மா இருப்பேன் என்பாள்.

கவுனை எடுத்து உதறினாள். உதற வரவில்லை. கீழ்ப்பக்க வலைத்துணி அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை. அந்த வலையில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பொடி முத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தவள் அவள். இஸ்திரி போடும் அவள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சூடு காட்டினால் பாகாகிவிடும் என்று சொல்லிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டார்.

மணப்பெண்ணுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்ததைச் சொன்னாள். போட்டோக்காரர் ஏதோ தெளித்தார், படம் அருமையாக வந்திருக்கிறது, அனுப்பட்டுமா அக்கா என்று ஆசையாகக் கேட்டாள். வீட்டுக்காரரின் போனுக்குப் படமும் வந்தது. இருட்டில் கவுன் மட்டும் உள்ளிருந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாவாடைக்கு அடியில் செல்போன் டார்ச்சை எரியவிட்டிருக்கிறான். வலையெங்கும் துளிகள், விடியற்காலைப் புல்வெளி மாதிரி. படம் நன்றாகத்தான் இருந்தது. அதில்தான் அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது. அசிங்கமாக வந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பாள்.

அதோடு முடியவில்லை. அதே போட்டோக்காரன் ஒரு வீடியோவும் போட்டிருந்தான். காசு செலவில்லாமல் கல்யாண உடையை அழகாகப் படம் எடுக்கும் வழிகளாம். லென்ஸ் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றினால் பனிமூட்டம் வரும், தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் விழும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில், தண்ணீர்த் துளி உருண்டு ஓடாமல் நிற்க வேண்டுமா, சர்க்கரையைக் கரைத்துத் தெளியுங்கள் என்று சிரித்தான். வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதிய ஊரே வாயைப் பிளந்திருந்தது: செலவே இல்லையா!

"செலவு இல்லையாம். யாருக்கு இல்லை?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

போட்டோக்காரன் தன் அப்பா வீட்டுக் கார் கொட்டகையை ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தான். வாட்டசாட்டமான ஆள்தான், ஆனால் கவுனைப் பார்த்ததும் சுருங்கிப்போனான்.

"தண்ணிதானேக்கா, துவைச்சா போயிடும்னு நெனச்சேன்."

"யாரு கையால துவைக்கணும்னு நெனச்சியா?"

 அவன் பர்ஸை எடுத்தான். அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே வைக்கச் சொன்னாள். அந்த வீடியோவில் சர்க்கரை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், அது போதும் என்றாள். அது ஓடுவதால்தான் தனக்கு வேலை வருகிறது, அதில் கைவைக்க முடியாது என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அன்றிலிருந்து கடையில் புதுச் சட்டம். படம் எடுக்கப் போகும் உடையோடு அவளும் போவாள். சம்மதம் என்றால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். கல்யாணப் பெண்ணுக்குத் துணைக்கு வருவதற்கு ஆள் உண்டு, கவுனுக்குமா என்று கேலி பேசினார்கள். சிலர் வேறு கடைக்கே போய்விட்டார்கள். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

வேறொரு மணப்பெண்ணின் உடையோடு, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்துக்குப் போனபோது, அங்கே கேமராவோடு நின்றது அவனே. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் துருப்பிடித்த கம்பியில் கவுனை மாட்டப் போனான். அவள் தடுத்தாள். சிமென்ட் படியில் விரிக்கச் சொன்னான். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை அடியில் போட்ட பிறகுதான் விரிக்க விட்டாள். வலையைக் காற்றில் வீசச் சொன்னபோது, ஓரத்தை அவளே பிடித்து, அவளே வீசினாள். மணப்பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தண்ணீர்ப் புட்டியை எடுத்ததும் அவள் குறுக்கே வந்து நின்றாள். வெறும் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்தான். அதுவும் ஆகாது என்றாள். அவனுக்கும் பொறுமை போய்விட்டது. அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்த ஜன்னல் கண்ணாடியைக் காட்டினான்.

"இது மேலயாவது தெளிச்சிக்கலாமா? இல்ல, இதுவும் உங்களோடதா?"

குத்தலாகத்தான் கேட்டான். கேட்ட வாயை மூடாமல் அப்படியே கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை நிமிர்த்தி மணப்பெண்ணுக்கு முன்னால் வைத்து, அதன் மேல் தெளித்தான். துளிகள் கண்ணாடியில், கவுன் அதற்குப் பின்னால், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல். ஆடாமல் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. அவள்தான் பிடித்தாள். கை கடுத்துப்போகும் வரை நிற்கவைத்தான். அதற்கும் சேர்த்து மனசுக்குள் திட்டினாள்.

அந்த வாரமே புது வீடியோ வந்தது. கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்கும் வழியைத் தான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். தடுத்தவளைப் பற்றி மூச்சு விடவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். பழைய சர்க்கரை வீடியோ பக்கத்திலேயே அப்படியே கிடந்தது. இனி எந்தக் கடை உடை நாசமானால் இவனுக்கென்ன?

வீட்டுக்காரரின் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அந்தச் சர்க்கரை வீடியோவுக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். இவர் இப்படித் தெளித்த கவுன் ஒன்று என்னுடையது, கீழ் வலையை வெட்டி எறிய வேண்டியதாகிவிட்டது, சர்க்கரையைத் தெளிக்காதீர்கள். கூடவே, வெட்டிப்போட்ட வலையையும் படம் பிடித்துப் போட்டாள். முதலில் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு எங்கோ ஒரு ஊரில் கடை வைத்திருந்த ஒரு பெண் எழுதினாள், எங்கள் கடையிலும் இதே கதைதான் என்று. அவளுக்குக் கீழே இன்னொருத்தி. அப்புறம் ஒரு தையற்காரர். வீடியோவைவிடக் கீழே நடந்த பேச்சு நீளமாகிவிட்டது.

அவன் போன் செய்தான்.

"அக்கா, நீங்க எழுதினதை எடுத்துடுங்கக்கா. எல்லாரும் என்னைக் கிழிக்கறாங்க."

"நீ வீடியோவை எடு. நான் எழுதினது அதோட தன்னால போயிடும்."

அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் வீடியோ இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

வலையைப் புதிதாகத் தைக்க உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், கவுன் பார்க்க வந்த ஒரு பெண்ணின் அம்மா, படம் எடுக்க நல்ல ஆளாக யாராவது தெரியுமா என்று கேட்டார். வாடகை அக்கா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். எரிச்சலோடு அவன் நம்பரைத் தேடினாள்.

"கெட்டிக்காரன்தான், அதுல சந்தேகமில்லை. ஆனா என்னிக்குன்னு எனக்குச் சொல்லிடுங்க, நானும் வருவேன்."