லாந்தர் கண்ணாடிக்குள் ஓர் அந்துப்பூச்சி

புல் இலைக்குள் ஒரு புழு குடித்தனம் நடத்துகிறது என்பதை வடக்கனந்தல் பக்கத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். யாராவது இல்லையென்று சொன்னால் நேரில் வரட்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் பத்தொன்பது.

எங்கள் ஊரில் களை எடுக்கப் போகிற பெண்கள், வேலை முடிந்ததும் அந்தக் கழனியின் வரப்புப் புல்லை அறுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது வழக்கம். அம்மா கொண்டுவரும் அந்த ஒரு கட்டுப் புல்தான் எங்கள் எருமைக்குச் சாப்பாடு. அந்த வருஷம் நெல் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. வரப்புப் புல்லிலும் கோடு. நிலத்துக்காரர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"நோவு புல்லுலேர்ந்துதான் வருது. மருந்துக்குச் சொல்லிட்டேன், எட்டு நாள்ல வந்துரும். வரப்பு பூரா அடிக்கப்போறேன். இனிமே எவளும் அரிவாளத் தூக்கிக்கினு இந்தப் பக்கம் வராதீங்க."

அன்று சாயங்காலமே வீட்டில் எருமையை விற்கிற பேச்சு வந்துவிட்டது. நான் அதன் முதுகில் படுத்து வளர்ந்தவள். விடுவேனா?

கோடு விழுந்த புல்லை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் மஞ்சளாய் ஒரு பொடிப்புழு, உள்ளேயே தின்றுகொண்டு போனது. நெல் இலைக்குள்ளும் ஒரு புழு இருந்தது, ஆனால் தட்டையாக. இரண்டும் ஒன்றுதானா? வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இலைகளைக் கிள்ளித் தீப்பெட்டியில் வைத்தேன். மறுநாள் இலை சருகாகி, புழு செத்துக் கிடந்தது. ஒரு பாட்டம் அழுத பிறகுதான் புத்தி வந்தது. புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து ஒரு டப்பாவில் நட்டேன், நெற்பயிரை இன்னொன்றில். புல்லுக்கு லாந்தர் கண்ணாடியை மாட்டி, மேலே துணி கட்டினேன். நெல்லுக்கு ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தேன். விளக்கில்லாத வீட்டில் அப்பா என்னை முறைத்தபடி சாப்பிட்டார். மாமாவுக்கோ கொண்டாட்டம்.

"பூச்சிக்கு எப்பம்மா கண்ணாலம்? பத்திரிகை அடிச்சிரலாமா?"

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள் காலை பாட்டிலுக்குள், முதுகெல்லாம் முள்ளாக ஒரு கருவண்டு. லாந்தர் கண்ணாடியிலோ அரிசி நுனி அளவுக்கு ஓர் அந்துப்பூச்சி, கறுத்த இறக்கையின் குறுக்கே தங்கப்பட்டை! அம்மாடியோவ், நான் போட்ட கூச்சலில் எருமையே மிரண்டது.

மறுநாள் மருந்துக்காரர் தெளிப்பானைத் தோளில் மாட்டும்போது, நானும் அம்மாவும் இரண்டையும் தூக்கிக்கொண்டு வரப்பில் போய் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னிடமிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, நிலத்துக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. உங்க நெல்லத் துன்றது அந்த முள்ளு வண்டு. புல்லுல இருக்கிறது இந்த அந்து. ரெண்டும் வேறங்க. வரப்புல அடிக்காதீங்க. எங்க எருமைக்கு அந்தப் புல்லு வேணும்."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மருந்துக்காரரிடம், "வரப்ப வுட்ரு. நெல்லுக்கு மட்டும் அடி" என்றார்.

ஜெயித்துவிட்டேன்! கழனியில் நின்ற பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். நான் அம்மாவிடமிருந்து கண்ணாடியைத் திரும்ப வாங்கித் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினேன். ஒருத்திகூட அந்துப்பூச்சியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கண்டுபிடித்தவள் நானிருக்க, இவர்களுக்கு என்ன கண் தெரியாதா என்று எனக்கு ஒரே கோபம். அந்தக் கழனியில், நிலத்துக்காரருக்கு எதிரே நின்று, ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பது எனக்கெப்படித் தெரியும்?