ஒன்பது முறை அழுத்திய பட்டன்

போன வெள்ளிக்கிழமை, ஏரியூர் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் நின்றுகொண்டு, போனில் ஒரே பட்டனை ஒன்பது முறை அழுத்தினேன். நான் எண்ணவில்லை. செல்வி எண்ணியிருக்கிறார்.

செல்வி எங்கள் டீமின் டெஸ்டர். நான் புரோகிராம் எழுதுபவன். தருமபுரியில் ஒரு மாடி அறையில் ஐந்து பேர் சேர்ந்து, கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு ஆப் செய்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செய்தவரைக்கும் விவசாயியிடம் காட்டிவிட வேண்டும். மென்பொருள்காரர்கள் 'அஜைல்' என்று சொல்லும் வேலைமுறை எங்களுக்கு அதுதான். தினமும் காலையில் நின்றுகொண்டே மீட்டிங். நின்றால் சீக்கிரம் முடியும் என்பது ஐதீகம்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் செல்வி ஆரம்பித்தார்.

"சார், போடறதுக்கும் நிறுத்தறதுக்கும் ஒரே பட்டனுங்க. சிக்னல் இல்லாத எடத்துல யாராச்சும் ரெண்டு தடவ அமுக்கிட்டா?"

"யாரும்மா ரெண்டு தடவ அமுக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு, வேலைகளைச் சீட்டில் எழுதி ஒட்டும் போர்டில், அந்தப் பட்டனின் சீட்டை 'முடிந்தது' பக்கம் நானே ஒட்டினேன். டெஸ்டிங்? அது வியாழன் சாயங்காலம், நேரம் இருந்தால்... என் மேஜையில், வைஃபை பக்கத்தில், அருமையாகத்தானே ஓடியது!

வெள்ளிக்கிழமை. தோட்டத்துச் சொந்தக்காரர் மாதம்மா அக்கா முந்தின நாள்தான் நாற்று நட்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விட்டாக வேண்டும். பட்டனை அழுத்தினேன். மோட்டார் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. எனக்கு வேர்த்தது. சிரித்தபடி அழுத்தினால் பதற்றம் தெரியாது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அழுத்தினேன்... அழுத்திக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று சிக்னல் வந்தது. காத்திருந்த கட்டளைகள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது.

"என்னங்க சார் இது, இழுக்குது, நிக்குது! மோட்டார் காயிலு கருகிப்போச்சுன்னா என் நாத்துக்கு யாரு தண்ணி வுடறது?" மாதம்மா அக்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

நான் என்ன செய்தேன்? பத்தாவது முறை அழுத்தப் போனேன். செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

நல்லவேளை, கையால் போடும் பழைய ஸ்டார்ட்டரை நாங்கள் கழற்றவில்லை. அக்கா மெயினைப் போட்டு, அதில் மோட்டாரை ஓட்டியதும் தண்ணீர் வந்தது. எனக்கு மூச்சும் வந்தது.

"நீங்க ஊருக்குள்ள ஒக்காந்து செஞ்சது சார் இது. செய்யறப்பவே இங்க வந்து ஒருக்கா அமுக்கிப் பாத்திருக்கலாமுங்க" என்றார் அக்கா. பல வருடமாக நின்றுகொண்டே மீட்டிங் போட்டும் எங்களுக்குத் தோன்றாதது.

இப்போது இரண்டு பட்டன். நான் எழுத உட்காரும்போதே செல்வியும் பக்கத்தில் உட்காருகிறார். 'முடிந்தது' பக்கம் சீட்டை ஒட்டும் உரிமை எனக்கில்லை. தோட்டத்தில் ஓடிய பிறகு அவர்தான் ஒட்டுவார்.

திங்கட்கிழமை அவர் டெஸ்ட் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரி: 'ஒருவர் பயந்துபோய் ஒன்பது முறை அழுத்தினால்?'

பெயர் போடவில்லை. பெரிய மனசு!