டீச்சரின் இரண்டு சோடிச் சக்கரம்

ருவான்வெல்லை பஜாரில் இருபத்தாறு வருடமாகச் சைக்கிள் திருத்துகிறேன். இந்தத் தொழிலில் ஒருவன் செய்யக்கூடிய முட்டாள்தனங்களில் முக்கால்வாசியைச் செய்து முடித்துவிட்டேன். பெடலை மறுபக்கமாகத் திருகி மரையை அழித்திருக்கிறேன். காற்றடித்த டியூபை வெயிலில் மறந்து வைத்து, அது வெடித்த சத்தத்தில் பக்கத்துப் பேக்கரிக்காரரைப் பாண் தட்டோடு தரையில் உட்கார வைத்திருக்கிறேன். ஆனால், ஓட்டுவதற்கென்று கொண்டுவந்த சைக்கிளைச் சொந்தக்காரரே தோளில் சுமந்துகொண்டு போகும்படி திருத்திக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், அவர் சுமந்து இறங்கிய அந்த ரோட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

புதிதாக ஸ்பானர் பிடிக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். பழைய ஆட்களும் படிக்கலாம். என்னைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

1. சிவப்புக் கோடு

ஜெசிந்தா டீச்சர் ஒரு மவுன்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஆசையாக வாங்கி, வீடிருக்கும் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, ஏற்றத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அக்காவுக்கே அன்பளிப்பாக விட்டுப்போன சைக்கிள். முன்னால் குலுக்கம் தாங்கும் ஷொக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், பல் வைத்த தடித்த டயர்.

“பாஸ், இது ஓடுறதவிட சத்தந்தான் கூடப் போடுது. தார் ரோட்டுல போனா உர்ர்ர்ருங்குது. நான் மிதிக்கிற மிதியெல்லாம் எங்கதான் போகுது?”

எங்கள் பக்கத்தில் கையில் ஆயுதம் வைத்து வேலை செய்கிறவன் எவனும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சு பாஸ், நான் சைக்கிள் பாஸ். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பெருமைப்படுவேன்.

“மிதியெல்லாம் டயருக்குத்தான் போகுது டீச்சர். பல்லப் பாருங்க, ஒவ்வொண்ணும் என் கட்டவெரல் தண்டி. இது சேத்துல ஏறுற டயரு. தார் ரோட்டுல ஓடச் சொன்னா அது அழத்தான் செய்யும்.”

பிறகுதான் விசயத்தைச் சொன்னார். அவர் கணித ஆசிரியை. நியமனம் கிடைத்துக் கொஞ்ச நாள்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை. முன்பெல்லாம் ஆறேகால் பஸ் ஒன்று சந்திக்கு வரும். அது நின்றுபோனதிலிருந்து சைக்கிள்தான். மூன்று வயதுப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிள்ளைக் காம்பரா ஆறு மணிக்கு முன் திறக்காது. பள்ளிக்கூடத்தில் ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தால் வேளைக்கு வந்தவர், கீழே வைத்தால் பிந்தியவர். கையெழுத்து வைப்பதற்கு முன்னால் சைக்கிள் உடுப்பைக் கழற்றிச் சேலை கட்ட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம்.

“எவ்வளவு பிந்துறீங்க?”

“ரெண்டு நிமிசம். சில நாள் மூணு. அதிபர் சொல்லிட்டாரு பாஸ். ‘இன்னொரு தடவ கோட்டுக்குக் கீழ வந்தா, நான் ரிப்போர்ட்டுல எழுதத்தான் வேணும் டீச்சர், எனக்கும் மேல ஆளிருக்கு’ன்னு. அப்புறம் கன்ஃபர்ம் ஆகுறது எங்க?”

“தூரம்?”

“சந்தியில இருந்து பதினஞ்சு கிலோமீட்டர்.”

கணித ஆசிரியை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்தார். சந்தியில் இருந்து என்றார். சந்திக்கு எப்படி வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் மனம் அப்போதே கேகாலைக்குப் போய்விட்டது.

2. எழுநூறு

கேகாலையில் ஒரு முன்னாள் ரேஸ்காரர் வீட்டுச் சுவரில் ஒரு சோடி எழுநூறு ரிம் தொங்குவது எனக்குத் தெரியும். மவுன்டன் பைக்கின் சக்கரம் இருபத்தாறு அங்குலம். ரோட்டுச் சைக்கிளுக்குப் போடுவது எழுநூறு மில்லிமீட்டர். விட்டம் கொஞ்சம் பெரிது, டயர் விரல் மாதிரி மெல்லிசு. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்காக இருந்தால் இந்த மாற்றம் நடக்காது. சக்கரம் பெரிதானதும் பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் படும். டிஸ்க் பிரேக்குக்கு ரிம் எந்த அளவு என்ற கவலையே இல்லை. அது பிடிப்பது நடுவிலுள்ள தட்டை. ஆகவே நடு அச்சுக்கு டிஸ்க் ஹப் இரண்டு வாங்கி, அதில் எழுநூறு ரிம்மை ஸ்போக் கோத்து ஏற்றினால், மவுன்டன் பைக் ரோட்டுச் சைக்கிள் ஆகிவிடும்.

இருக்கிற ரிம்மிலேயே பல்லில்லாத டயர் போட்டாலும் பாதி வேலை முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பஜாரில் யாரும் என்னிடம் ரேஸ் சக்கரம் கோத்துத் தரச் சொல்லி எத்தனையோ வருடமாகிவிட்டது. செயின் எண்ணெய், பஞ்சர், பிரேக் கம்பி என்று கிடந்தவனுக்குக் கோயிலில் தவில் வாசிக்கக் கூப்பிட்டது மாதிரி இருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்து கோத்தேன். ஒரு சக்கரத்துக்கு முப்பத்தாறு ஸ்போக். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் பார்த்து முறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் பூட்டி, நானே ஏறிப் பாலம்வரை போய்த் திரும்பினேன். சத்தமே இல்லை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, எங்கே போனாலும் வயிறு எனக்கு முன்னால் போய்ச் சேரும். ஆனாலும் அன்று பறந்தேன்.

பக்கத்துப் பேக்கரி சுனில் வாசலில் நின்று பார்த்தார். சிங்களவர், ஆனால் என்னைக் கிண்டல் பண்ணுவதற்கென்றே தமிழைத் திருத்தமாகக் கற்றுக்கொண்டவர்.

“டயரு மெலிஞ்சிருச்சு பாஸ். நீங்க எப்ப?”

அன்று பின்னேரம் டீச்சர் வந்து கொண்டுபோனார். தோட்டத்து ஏற்றத்தில் எப்போதும்போல இறங்கித் தள்ளிக்கொண்டு போனதால், அவருக்கும் அன்று ஒன்றும் தெரியவில்லை.

3. தோளில் சைக்கிள்

திங்கட்கிழமை காலை தெரிந்தது.

டீச்சரின் லயத்து வீட்டிலிருந்து சந்திக்கு மூன்று கிலோமீட்டர் தோட்ட ரோடு. எந்தக் காலத்திலோ கருங்கல் பரப்பியது. மழை மண்ணைக் கொண்டுபோய்க் கல்லை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இரண்டாவது வளைவில் முன் டயர் போனது. மதகடியில் பின் டயர் போனது, கூடவே ரிம்மும் வளைந்தது. தள்ளினால் ரிம் இன்னும் கெடும் என்று டீச்சர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். என் சக்கரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. சந்தியில் ரப்பர் பால் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று இரங்கி ஏற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது ஏழு நாற்பத்தொன்று.

அதிபர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் வந்த கோலத்தைப் பார்த்தாராம். தலையில் ரப்பர் இலை, முழங்கையில் சேறு. உடனே மேசை லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையைத் தேட ஆரம்பித்தாராம். டீச்சர் சேலை கட்டி வந்து கையெழுத்து வைக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தாராம். வைத்து முடிந்ததும் பேனை கிடைத்துவிட்டது.

“நாளைக்குப் பேன என் சட்டப் பையிலதான் இருக்கும் டீச்சர்” என்றாராம்.

பின்னேரம் டீச்சர் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாஸ், நீங்க எந்தத் தோட்டம்?”

“நானா? உங்க தோட்டந்தான் டீச்சர். மேல் டிவிசன்.”

“அப்ப அந்த ரோட்ட நீங்க பாத்திருக்கீங்க.”

அது கேள்வி இல்லை. கேள்விக்குறி போட அவர் இடம் விடவில்லை. நான் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

பழைய சக்கரத்தைப் பூட்டினால் மறுபடி ரெண்டு நிமிடம் பிந்துவார். புதுச் சக்கரத்தோடு விட்டால் மறுபடி சுமப்பார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த சுனில்தான் கை கொடுத்தார். அவரிடம் பாண் விற்கப் போகும் த்ரீவீலர் ஒன்று உண்டு. பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு போகும் சூன் பாண் வண்டி. “ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போறேன் பாஸ். ரெண்டே நாள். அங்க பாண் யாவாரம் இல்ல.”

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலில் பாட்டுக் கேட்டுப் பணிஸ் வாங்க ஓடிவந்த பிள்ளைகள், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கணித டீச்சர் இறங்குவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்களாம். ஆனால் கையெழுத்து கோட்டுக்கு மேலே.

4. பலகையில் செருப்பு

அதே செவ்வாய்க்கிழமை, பழைய தடித்த சக்கரத்தைச் சைக்கிளில் பூட்டி, தோட்ட ரோட்டை நானே ஏறிப் பார்க்கப் போனேன். ஏறினேன் என்று சொல்ல முடியாது. தள்ளினேன். மேலே போய்த் திரும்பி இறங்கும்போது, தடித்த டயர் கல்லை எல்லாம் மெத்தை மாதிரித் தாண்டியது. அந்தச் சந்தோசத்தில் கையை விட்டுக் காது சொறிந்தேன். ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் கிடந்தேன்.

சேறும் சகதியுமாகச் சந்திக்கு வந்து மெனிக்கே அக்காவின் கடையில் கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். கடைப் பக்கச் சுவரோடு ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாக ரப்பர் செருப்புகள். மேலே லயங்களிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள், சேற்றுப் பாதையில் செருப்போடு இறங்கி, இங்கே கால் கழுவி, செருப்பைப் பலகையில் வைத்துவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பின்னேரம் வந்து மாற்றிக்கொண்டு ஏறுவார்கள். நானும் பத்து வருடம் அந்தப் பலகையில் செருப்பு வைத்தவன்தான்.

காலைக் கழுவிக்கொண்டே அந்தச் செருப்புகளைப் பார்த்தேன். சேற்றுக்கு ஒன்று, தாருக்கு ஒன்று. மனிதனுக்குச் செய்வதைச் சைக்கிளுக்கும் செய்தால் என்ன?

பழைய சக்கரத்தில் லயத்திலிருந்து இறங்கட்டும். சந்தியில் கழற்றிப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். எழுநூறைப் பூட்டிக்கொண்டு தார் ரோட்டில் பறக்கட்டும். இரண்டும் நெம்புகோலைத் தட்டினால் கழலும் சக்கரம். அப்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை. மெனிக்கே அக்கா, “பாஸுக்குத் தலயில அடிபட்டுருச்சா?” என்று கேட்டதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

கடைக்கு வந்து வளைந்த ரிம்மை நிமிர்த்தினேன். அடுத்த சிக்கல் டிஸ்க் தட்டு. இரண்டு சோடியிலும் தட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பிரேக்கில் உரசும். சந்தியில் நின்று காலங்காத்தால பிரேக் செட் பண்ண டீச்சரால் முடியாது. அளந்து பார்த்தால் எழுநூறின் தட்டு ஒரு இம்மி உள்ளே நின்றது. அந்த இம்மிக்கு வாஷர் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் டின் மீன் தகரத்தை வட்டமாக வெட்டி, தட்டுக்கு அடியில் வைத்து முறுக்கினேன். கச்சிதம். உரசல் இல்லை. மீன் வாசம் மட்டும் கொஞ்சம்.

புதன்கிழமை பின்னேரம் டீச்சருக்குப் பழக்கிக் கொடுத்தேன். முதல் தடவை ஒன்பது நிமிடம். நாலாவது தடவை நாலு நிமிடம். கையெல்லாம் கிரீஸ், பள்ளிக்கூடச் சோக்குத் தூள் அதில் ஒட்டும் என்று சொல்லி, துடைக்கப் பழைய சாரத் துண்டும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு இருபத்தைந்துக்கு அடித்தது.

“பாஸ், சேல கட்டிட்டேன். கையெழுத்தும் வச்சிட்டேன். எனக்கு முன்னால ரெண்டே ரெண்டு பேருதான். அதிபர் செவப்புப் பேனயக் கையில வச்சிக்கிட்டு யாருக்குக் கோடு போடுறதுன்னு பாக்குறாரு.”

5. சந்தியில்

அதற்குப் பிறகு ஒருநாளும் டீச்சரின் கையெழுத்து கோட்டுக்குக் கீழே போகவில்லை. சில மாதத்தில் நிரந்தரமாகிக் கடிதமும் வந்தது. மில்க் டொஃபி ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சக்கரம் மாற்றும் சந்தி என்று பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். டின் மீன் தகரத்தின் கதையைப் பஞ்சர் போட வந்தவனுக்கெல்லாம் சொன்னேன். சுனிலுக்கு மட்டும் ஆறேழு தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் அவர், “சரி, வாங்க, அந்தக் கூத்த ஒருக்காப் பாத்துட்டு வருவோம்” என்று என்னைப் பாண் வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையில் சந்திக்குப் போனார்.

மெனிக்கே அக்காவின் கடைக் கூரையில் எனக்குப் பழக்கமான ஒன்று தொங்கியது. இருபத்தாறு அங்குலம், தடித்த டயர். ஸ்போக்குகளில் கொக்கி மாட்டி வாழைச் சீப்புத் தொங்கவிட்டிருந்தது. சுற்றிவிட்டால் எல்லாச் சீப்பையும் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம், நல்ல ஏற்பாடு. கடைக்குப் பின்னால் டீச்சரின் சைக்கிள் எழுநூறோடு நின்றது.

“அக்கா, டீச்சர் இன்னும் சக்கரம் மாத்த வரல்லயா?”

“மாத்துறதா?” என்றார் மெனிக்கே அக்கா. “அனே பாஸ், எதுக்கு மாத்தணும்? சைக்கிள் ராவைக்கு இங்கதானே தூங்குது. டீச்சர் ரப்பர் காட்டுக் குறுக்குப் பாதையில செருப்பப் போட்டுக்கிட்டுப் பன்னெண்டு நிமிசத்துல எறங்கி வருது. எல்லாரும் அப்படித்தானே வாறாங்க?”

சுனில் போய் வண்டியின் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார். செத்த வீட்டில் அப்படித்தான் செய்வார்கள்.

ஆகவே, ஸ்பானர் பிடிக்கும் தம்பிமாரே, இருபத்தாறு வருடத்தில் நான் கற்ற பாடம் இதுதான். வருகிறவரிடம் சைக்கிள் எங்கே ஓடப்போகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அது எங்கே தூங்கப்போகிறது என்றும் கேளுங்கள். அதை முதல்நாளே கேட்டிருந்தால் ஒரு சோடிச் சக்கரம் போதுமாக இருந்திருக்கும். ஒரு டின் மீனும் மிச்சம்.

அந்நேரம் ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து ஜெசிந்தா டீச்சர் செருப்போடு இறங்கி வந்தார். என்னைக் கண்டதும் திருடி அகப்பட்ட மாதிரி நின்றார்.

“எப்ப இருந்து டீச்சர்?”

“ரெண்டாவது நாள்ல இருந்து பாஸ்” என்றார், செருப்பைப் பலகையில் வைத்துக்கொண்டே. “சொல்லத்தான் அன்னைக்கே கடைக்கு வந்தேன். நீங்க அந்த மீன் தகரத்தக் கையில வச்சிக்கிட்டு நாலு பேருக்குக் கத சொல்லிக்கிட்டிருந்தீங்க. நானும் அஞ்சாவது ஆளா நின்னு கேட்டுட்டுப் போயிட்டேன்.”