துரை வண்டியின் விக்கல்

தங்கச் சுரங்கத்துக்குள் ஒருமுறை பாறை சரிந்து, விளக்கு அணைந்து, இருட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தவன் நான். மேலே தூக்கி வந்தபிறகு, ஆட்களை உள்ளே இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைப் பார்த்தாலே மூச்சு அடைத்தது. கெஞ்சிக் கூத்தாடி, மேலே இருக்கும் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டர் வேலைக்கு மாறினேன். மேலே வெயில் பட்டாலே போதும் என்றிருந்தது.

அப்போதுதான் எங்கள் எஞ்சினியர் துரை மோட்டார் வண்டி வாங்கினார். ரோட்டில் ஒழுங்காகத்தான் ஓடியது அந்தச் சனியன். நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் விக்கல் எடுக்கும். படபடவென்று எகிறும், சாகப்போவதுபோல் இறங்கும், மறுபடி எகிறும். கிளப் வாசலில் மற்ற துரைமார் சிரித்தார்களாம். அந்தக் கோபத்தை என் தலையில் கொட்டினார். சாயங்காலத்துக்குள் விக்கல் நிற்காவிட்டால் நாளைக்கே சுரங்க ஷாஃப்டில் இறங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கோ கசிகிறது, அதுதான் விக்கல் என்று நினைத்து வண்டியைத் திறந்தேன். நீராவி எஞ்சினில் தொழில் கற்ற எங்களுக்குக் கசிவு என்றால் வெளியே சீறுவதுதான். புகை வந்த ஜாயின்ட்டையெல்லாம் தேடித்தேடி முடுக்கினேன், கசிவை அடைக்கும் சிவப்புப் பசையை அப்பினேன். பட்டறையில் இருந்தவர்களும் வந்து வந்து புகை வரும் இடத்தையே காட்டினார்கள். விக்கல் மட்டும் நிற்கவில்லை. எரிச்சலில் ஸ்பேனரை வீசிவிட்டுக் கை துடைத்தேன்.

துடைத்த பஞ்சை எஞ்சின்மேல் போட்டபோது அதிலிருந்து ஒரு நூல் நீண்டு, பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும் குழாயின் ஜாயின்ட்டில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன். திரும்பவும் போய் ஒட்டியது. கசிவு வெளியே வரவில்லை, உள்ளே போகிறது! அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டேன். எஞ்சின் சட்டென்று நிதானமாயிற்று. எண்ணெய் வற்றியதும் மறுபடி விக்கல். கழற்றிப் பார்த்தால் வாஷர் கிழிந்திருந்தது. தடித்த அட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, பொருத்தி முடுக்கினேன். ஒரே சீராக ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துரை வந்தார், காது கொடுத்துக் கேட்டார், முதுகில் தட்டினார். சுரங்கத்தின் அடியாழத்தில், கடைசி லெவலில் இருக்கும் தண்ணீர் பம்பும் இப்படித்தான் விக்குகிறது, உன் காது பட்டறையில் வீணாகக்கூடாது, நாளை முதல் அந்தப் பம்புக்கு நீதான் ஃபிட்டர் என்றார். பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தார், மகராசன்.

தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் வீட்டு வாசலிலேயே என் மனைவி நின்றிருந்தாள்.

"இன்னாங்க, வண்டி சரியாச்சா? மேலயே இருக்கலாம்னுட்டாரா?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப இன்னாத்துக்குங்க அத்த சரி பண்ணீங்க?"

மறுநாள் காலை கேஜில் ஏறினேன். பக்கத்திலேயே நின்றிருந்த துரையின் வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு விக்கல் இல்லாமல். கேஜ் இறங்கியது. அந்தச் சத்தம் காதில் விழுந்தவரைக்கும்தான் என்னால் மூச்சு விட முடிந்தது.